மூன்று சாவிக்குள் ஒரு கச்சை: பிராத்தோ ஊரும் அதன் சிற்றாலயமும்

இத்தாலியில் பிளாரன்ஸிலிருந்து வடமேற்கே ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் பிராத்தோ வந்துவிடும். பல நூற்றாண்டுகளாகக் கம்பளித் துணிக்குப் பேர்போன ஊர். அங்குள்ள பேராலயத்தில் நுழைந்ததும் இடதுபக்கம், வாசலை ஒட்டினாற்போல, வெண்கலக் கம்பித் தடுப்பு போட்ட ஒரு சிற்றாலயம் இருக்கிறது. அதன் பீடத்தில் ஒரு பேழை பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பேழைக்குள் இருப்பது ஒரு துணி. ஏறக்குறைய 87 செ.மீ. நீளம், மெல்லிய பச்சைக் கம்பளி நெசவு, ஊடே தங்க இழை. இயேசுவின் தாய் மரியாள் இடுப்பில் கட்டியிருந்த கச்சை இது என்பது ஊர் மக்களின் நம்பிக்கை.

அந்தப் பேழையைத் திறக்க மூன்று சாவிகள் வேண்டும். இரண்டு சாவிகள் ஆயரிடம், அதாவது பிஷப்பிடம், இருக்கின்றன. மூன்றாவது சாவி நகர மேயரிடம் இருக்கிறது. மேயர் வராமல் ஆயரால் திறக்க முடியாது, ஆயர் இல்லாமல் மேயராலும் முடியாது.

கோயிலுக்குள் இருக்கும் ஒரு புனிதப் பொருளுக்கு நகராட்சிச் சாவி எதற்கு? இதற்குப் பதில் தெரிந்துகொண்டால், இடைக்கால ஐரோப்பாவில் ஒரு ஊர் எப்படி ஊராக நின்றது என்பதில் பெரும்பகுதி விளங்கிவிடும். அதனால் அந்த மூன்றாவது சாவியைப் பிடித்துக்கொண்டே இந்தக் கட்டுரையில் போகலாம்.

திருப்பண்டம் என்றால்

புனிதர்களின் எலும்பு, முடி, அவர்கள் உடுத்திய துணி, அவர்கள் கைபட்ட பொருள் ஆகியவற்றைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் திருப்பண்டம் என்கிறார்கள். அருளிக்கம் என்றும் சொல்வதுண்டு. உடலின் பகுதி என்றால் முதல் வகை, உடுத்தியதும் பயன்படுத்தியதும் இரண்டாம் வகை, அவற்றைத் தொட்டு எடுத்த துணி போன்றவை மூன்றாம் வகை என்று திருச்சபை பிரித்து வைத்திருக்கிறது. ஆராதனை கடவுளுக்கு மட்டும்தான், திருப்பண்டத்துக்கு வணக்கம் செலுத்தலாம் என்பது அதன் போதனை. 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் என்ற ஆயர் பேரவை, திருப்பண்டம் வைக்காமல் எந்தக் கோயிலையும் அர்ப்பணிக்கக் கூடாது என்றே ஆணையிட்டது.

ஆனால் அந்தக் காலத்து ஊர்க்காரருக்கு இந்த வகைப்பாடெல்லாம் பெரிதில்லை. எலும்பு இங்கே இருக்கிறது என்றால் அந்தப் புனிதரே இங்கே இருக்கிறார். இந்த ஊர்க்காரராக, நமக்காகப் பரிந்து பேசும் பெரியவராக இருக்கிறார். மழை பொய்த்தாலும் கொள்ளைநோய் வந்தாலும் எதிரிப்படை மதில் அருகே நின்றாலும் அவரிடம்தான் போக வேண்டும். ஆகவே ஒரு ஊருக்குத் திருப்பண்டம் கிடைப்பது, செல்வாக்குள்ள ஒருவர் அங்கே குடிவந்ததற்குச் சமம். வெனிஸ் வணிகர்கள் 828-இல் அலெக்சாந்திரியாவிலிருந்து புனித மாற்குவின் உடலைக் கடத்திவந்ததாகச் சொல்லப்படும் கதை இதனால்தான் வெட்கக்கேடாகாமல் பெருமைக்கதையாக நிலைத்தது. அந்த உடலுக்காகக் கட்டிய சான் மார்க்கோ ஆலயம் 1807 வரை ஆயரின் பேராலயமே அல்ல. அது ஊரை ஆண்ட தோஜேயின் சொந்தச் சிற்றாலயம்.

மரியாளுக்கு வருவோம். அவர் உடலோடு விண்ணகம் எடுத்துக்கொள்ளப்பட்டார் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. அப்படியென்றால் பூமியில் அவருடைய எலும்பு கிடைக்க வழியில்லை. மிஞ்சியது அவர் உடுத்தியவை மட்டுமே. பிரான்சில் சார்த்ர் பேராலயத்தில் ஒரு துகில், கான்ஸ்டாண்டிநோபிளில் ஒரு கச்சை என்று அவருடைய துணிகளுக்கு அவ்வளவு மதிப்பு வந்தது அதனால்தான். பிராத்தோவினுடையதைத் தவிர வேறு இடங்களிலும் மரியாளின் கச்சை என்று வணங்கப்படும் துணிகள் உண்டு. எது உண்மையானது என்ற விசாரணைக்குள் நான் போகப் போவதில்லை. ஒரு ஊர் தன் துணியை உண்மையென்று ஏற்று, அதைச் சுற்றி என்னவெல்லாம் கட்டியெழுப்பியது என்பதுதான் எனக்கு முக்கியம். அதற்குக் கல்லும் காகிதமும் சாட்சியாக இருக்கின்றன.

சீதனமாக வந்த கச்சை

கதை தோமாவிடம் தொடங்குகிறது. மரியாள் விண்ணேற்றம் அடைந்தபோது மற்றத் திருத்தூதர்கள் எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள், தோமா மட்டும் பிந்திவிட்டார். அவர் இந்தியாவில் பூசை செய்துகொண்டிருந்தார், பூசை உடை களையாமலே கொண்டுவரப்பட்டார் என்று ஒரு பழைய மரபு சொல்கிறது. மயிலாப்பூரில் தோமாவின் கல்லறையை வணங்குகிற நமக்கு இந்த இடத்தில் கொஞ்சம் நெருக்கம் தோன்றத்தான் செய்யும். பிந்தி வந்த தோமாவுக்கு, வானில் ஏறிக்கொண்டிருந்த மரியாள் தன் கச்சையை அவிழ்த்துப் போட்டாராம்.

அப்புறம் கதை பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குத் தாவுகிறது. பிராத்தோவைச் சேர்ந்த மிக்கேலே தகோமாரி எருசலேமில் ஒரு குருவின் மகளை மணக்கிறார். பெண்ணின் பெயரும் மரியாதான். மாமியார் சீதனமாகக் கோரைக்கூடையில் வைத்துக் கொடுத்தது இந்தக் கச்சை. 1141 வாக்கில் மிக்கேலே ஊர் திரும்புகிறார். எவனாவது திருடிவிடுவானோ என்று பயந்து, கச்சை இருந்த பெட்டியின் மேலேயே படுத்துத் தூங்குகிறார். புனிதப் பொருள் மேல் ஒருவன் படுப்பதா என்று வானதூதர்கள் இரவோடு இரவாக அவரைத் தூக்கித் தரையில் கிடத்திவிடுகிறார்கள். சாகும் தறுவாயில், 1172-இல், ஊர்க் கோயிலின் தலைமைக் குரு உபெர்த்தோவிடம் அதை ஒப்படைக்கிறார்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் எளிமை. அரசனோ போப்போ சிலுவைப்போர்த் தளபதியோ இதில் இல்லை. ஒரு ஊர்க்காரர், ஒரு கல்யாணம், ஒரு சீதனம், ஒரு மரணப்படுக்கை. துணி நெய்து பிழைக்கிற ஊருக்கு ஒரு துணி வந்து சேர்கிறது. பிரசவம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று பெண்கள் இந்தக் கச்சையை நோக்கி வேண்டிக்கொள்வதும் நெடுநாள் வழக்கம். பல வீடுகளின் கவலை அந்த இரண்டு முழத் துணியில் முடிச்சுப் போட்டுக் கிடந்திருக்கிறது.

ஆயர் இல்லாத ஊர்

பிராத்தோவின் நிலைமையைச் சொல்லாமல் மேற்கொண்டு நகர முடியாது. இடைக்கால இத்தாலியில் ஒரு குடியிருப்பு முழு நகரம் என்று மதிக்கப்பட வேண்டுமானால் அதற்கென்று ஓர் ஆயர் இருக்க வேண்டும். பிராத்தோவுக்கு ஆயர் இல்லை. சுற்றிலும் மதில், கையில் தொழில், ஊரை நடத்தத் தேர்ந்தெடுத்த மன்றம் எல்லாம் இருந்தும், அதன் புனித ஸ்தேவான் கோயில் பக்கத்து ஊரான பிஸ்தோயாவின் ஆயருக்குக் கீழ்ப்பட்டிருந்தது. அந்தப் பிஸ்தோயாவுக்கோ 1140-களிலேயே புனித யாக்கோபுவின் திருப்பண்டம் வந்து சேர்ந்துவிட்டது. அதற்குத் தனிச் சிற்றாலயம், அதைப் பார்த்துக்கொள்ள ஊர்மன்றம் அமர்த்திய நிர்வாகம் என்று எல்லாம் அங்கே அமைந்திருந்தது.

ஒருபக்கம் திருச்சபை வகையில் மேலே நிற்கும் பிஸ்தோயா, இன்னொரு பக்கம் பணத்திலும் படையிலும் வளர்ந்துகொண்டே போகும் பிளாரன்ஸ். இரண்டுக்கும் நடுவே பிராத்தோ. தனக்கென்று சொல்லிக்கொள்ள அதற்கு இருந்த பெரும் சொத்து கச்சை.

1312 ஜூலையில் அந்தச் சொத்தே போகப் பார்த்தது. பிஸ்தோயாவைச் சேர்ந்த ஜொவான்னி, ஊராரால் முஷியாத்தினோ என்று அழைக்கப்பட்டவன், கோயிலுக்குள் ஒளிந்திருந்து கச்சையைத் திருடிக்கொண்டு இருட்டில் தன் ஊரைப் பார்த்து ஓடினான். வழியில் அடர்ந்த மூடுபனி இறங்கியதாம். திசை தெரியாமல் சுற்றிச் சுற்றி ஒரு மதில் வாசலுக்கு வந்தான். பிஸ்தோயா வந்துவிட்டது என்று நினைத்து, கதவைத் திறங்கள், பிராத்தோக்காரர்களின் கச்சை என் கையில் இருக்கிறது என்று கூவினான். அவன் நின்றது பிராத்தோவின் வாசலில். பிடித்தார்கள். வலது கையை வெட்டி, பிசென்சியோ ஆற்றங்கரையில் அவனை எரித்தார்கள். வெட்டிய கையைக் கூட்டத்தில் ஒருவன் வீசியதாகவும், அது பட்ட கறைதான் பேராலயத்தின் பக்கவாசல் அருகே ஒரு கல்லில் தெரிகிறது என்றும் இன்றைக்கும் காட்டுகிறார்கள்.

மூடுபனிப் பகுதி புராணம்போல இருக்கலாம், தண்டனை புராணம் அல்ல. அதன் கொடூரம் நமக்கு ஒன்றைச் சொல்கிறது. கோயில் பொருளைத் திருடியவன் என்பதோடு ஊரையே எதிரிக்குக் காட்டிக்கொடுக்கப் பார்த்தவன் என்றும் அவனை நடத்தியிருக்கிறார்கள். திருட்டுக்குப் பிறகு ஊர்மன்றம் கச்சையின் காவலில் முன்னைவிட இறுக்கமாகக் கைவைத்தது. குருமார்கள் மட்டும் பார்த்துக்கொண்டால் போதாது என்பதற்கு அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. கோயிலைப் பெரிதாக்கும் வேலையும் தொடங்கியது. பலிபீடத்தில் இன்று நிற்கும் மரியாள் சிலையை ஜொவான்னி பிசானோ செதுக்கியதும் இந்தக் காலத்தில்தான், 1317 வாக்கில்.

விலைபோன ஊர்

அடுத்த அடி இன்னும் பெரியது. பாதுகாப்புக்காகப் பிராத்தோ 1313-இல் நேப்பிள்ஸ் அரசரின் ஆளுகையை ஏற்றிருந்தது. 1351-இல் நேப்பிள்ஸ் அரசி யோவான்னா அந்த உரிமையைப் பிளாரன்ஸுக்கு 17,500 பொற்காசுகளுக்கு விற்றுவிட்டார். சந்தையில் மாடு கைமாறுவதுபோல ஒரு ஊர் கைமாறியது. அதன்பின் ஊரின் மேலதிகாரி பிளாரன்ஸிலிருந்து வந்தார்.

நாம் பேச வந்த சிற்றாலயம் இதற்குப் பிறகுதான் எழும்புகிறது. தன்னாட்சி இருந்த நாட்களில் கட்டாததைத் தன்னாட்சி போன பிறகு கட்டினார்கள். 1380-களின் நடுவில் வேலை தொடங்கியது. 1392-க்கும் 1395-க்கும் இடையில் பிளாரன்ஸ் ஓவியர் அன்யோலோ காத்தி அதன் சுவர் முழுக்க ஓவியம் தீட்டினார். 1395-இல் குருத்தோலை ஞாயிறன்று கச்சை புது இடத்துக்கு வந்தது.

அந்தச் சுவர்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒருபக்கம் மரியாளின் வாழ்க்கை, எந்தக் கோயிலிலும் பார்க்கக்கூடியது. இன்னொரு பக்கம் மிக்கேலேயின் கதை. எருசலேமில் கல்யாணம், பாய்மரக் கப்பலில் கணவனும் மனைவியும், பெட்டி மேலிருந்து தூங்குகிறவரைத் தூக்கும் வானதூதர்கள், படுக்கையிலிருந்து கச்சையைக் குருவிடம் நீட்டும் கிழவர், ஊர்வலமாகக் கோயிலுக்குப் போகும் கூட்டம். விவிலியத்துக்குச் சமமாக, அதே அளவில், அதே வண்ணத்தில் ஊர்க்காரர் ஒருவரின் கதை ஏறியிருக்கிறது. எழுத்து தெரியாத ஒரு கம்பளித் தொழிலாளி உள்ளே வந்து நிமிர்ந்தால், மீட்பின் வரலாறு நாசரேத்தில் தொடங்கித் தன் ஊர்த் தெருவில் வந்து முடிவதைப் பார்ப்பார். ஊர் என்ற உணர்வை இதைவிட நன்றாக யாரும் கற்றுக்கொடுத்துவிட முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

சிற்றாலயம் அமைந்த இடமும் கவனிக்கத்தக்கது. வழக்கமாக அரிய பொருளைத் தலைமைப் பீடத்தின் அருகே, குருமார்கள் நிற்கும் பகுதியில் வைப்பார்கள். இங்கே வாசலோரம், வெளியே உள்ள சதுக்கத்துக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வைத்தார்கள். கச்சையை வெளியே கூடும் ஊராருக்குக் காட்ட அது வசதி. குருமார்களின் பகுதியிலிருந்து ஊராரின் பகுதிக்குக் கச்சையை நகர்த்திவிட்டார்கள் என்றே இதை நான் வாசிக்கிறேன்.

கணக்குப் புத்தகம் வைத்திருந்த பக்தி

சரி, இதையெல்லாம் யார் நடத்தினார்கள்? இங்கேதான் ஓப்பெரா என்ற சொல் வருகிறது. இசை நாடகத்தை மறந்துவிடுங்கள். இத்தாலிய நகரங்களில் ஒரு கோயிலின் கட்டுமானத்தையும் சொத்தையும் பார்த்துக்கொள்ளும் நிர்வாகக் குழுவுக்கு ஓப்பெரா என்று பெயர். வேலை என்பதே அந்தச் சொல்லின் பொருள். கச்சைக்கென்று ஒரு தனி ஓப்பெரா இருந்தது. அதில் இருந்தவர்கள் குருமார்கள் அல்ல, ஊர்மன்றம் தேர்ந்தெடுத்த சாதாரணக் குடிமக்கள். காணிக்கை, உயிலில் எழுதிவைத்த நிலம் வீடு, அவற்றின் வாடகை எல்லாம் அவர்கள் கையில். கொத்தனாருக்குக் கூலி, சிற்பிக்கு முன்பணம், மெழுகுவர்த்திக்கு மெழுகு, விழாச் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு.

குடிமை வாழ்வு என்று நாம் இன்று சொல்வதற்கு அடிப்படையான பழக்கங்கள் இங்கே உருவாகியிருப்பதைப் பாருங்கள். பொதுச் சொத்து என்று ஒன்று இருக்கிறது. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒப்பந்தம் போடுகிறார்கள், வரவு செலவு எழுதுகிறார்கள், வேலை நடக்கவில்லையென்றால் ஊருக்குப் பதில் சொல்கிறார்கள். ஊரின் மேலாட்சி பிளாரன்ஸுக்குப் போனாலும் இந்த நிர்வாகம் உள்ளூர்க்காரர்களிடமே இருந்தது. தாங்களே முடிவெடுக்கும் பழக்கம் அற்றுப்போகாமல் இருக்க இது ஒரு இடம் கொடுத்தது.

இதே மனப்பான்மையைப் பிராத்தோவின் புகழ்பெற்ற வணிகர் பிரான்செஸ்கோ ததீனியிடமும் காணலாம். 1410-இல் இறந்தபோது தன் பெருஞ்செல்வத்தை ஊரின் ஏழைகளுக்கென ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். அது திருச்சபையின் அதிகாரத்துக்குக் கீழ் வரக் கூடாது, ஊர்மன்றத்தின் மேற்பார்வையில் இயங்க வேண்டும் என்று உயிலில் தெளிவாகச் சொன்னார். இத்தனைக்கும் அவர் பக்திமான். சிற்றாலயத்துச் சுவரில் வரைந்த அதே அன்யோலோ காத்தி அவர் வீட்டிலும் வேலை செய்திருக்கிறார். கடவுளுக்குக் கொடுத்ததை ஊர் நிர்வகிக்க வேண்டும் என்பதில் அந்த மக்களுக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை.

பிராத்தோ மட்டும் இப்படி என்றில்லை. பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் இயேசுவின் திரு இரத்தம் என்று வணங்கப்படும் திருப்பண்டத்துக்கான சிற்றாலயம் நகர மன்றக் கட்டடத்தின் பக்கத்திலேயே நிற்கிறது. 31 உறுப்பினர் கொண்ட ஒரு சகோதரத்துவம் அதைக் காக்கிறது. ஆண்டவர் விண்ணேற்பு நாளில் ஊரே அதன் பின்னால் ஊர்வலம் போகிறது. நேப்பிள்ஸ் இன்னும் ஒருபடி மேலே போனது. கொள்ளைநோயும் போரும் எரிமலையும் வாட்டிய 1527-இல், நகரத்தின் பிரதிநிதிகள் பத்திரம் எழுதுபவரை வைத்து, சான் ஜென்னாரோ என்ற புனிதரோடு ஒப்பந்தம் எழுதினார்கள். அவர் இறந்து ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. எங்களைக் காத்தருளும், உமக்குப் புதுச் சிற்றாலயம் கட்டுகிறோம் என்பது உடன்படிக்கை. அதைக் கவனிக்க அமைத்த குடிமக்கள் குழு இன்றும் இருக்கிறது.

தெருமுனையில் ஒரு மேடை

பிராத்தோ பேராலயத்தின் முகப்பைப் பார்த்தால் வலது மூலையில் காளான்போல ஒரு வட்ட மேடை சுவரிலிருந்து வெளியே துருத்திக்கொண்டிருக்கும், தலைக்குமேல் குடைபோன்ற கூரையோடு. கச்சையைச் சதுக்கத்துக் கூட்டத்துக்குக் காட்டத்தான் அது. 1428-இல் தொனதெல்லோவும் மிக்கெலோட்சோவும் அதைச் செய்து தர ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த ஆண்டே முடித்துத் தருவதாகப் பேச்சு. தொனதெல்லோ அந்தக் காலத்தின் ஆகச்சிறந்த சிற்பி, எல்லா ஊரிலும் அவருக்கு வேலை இருந்தது. பிராத்தோ காத்திருந்தது. 1433-இல் ரோமில் இருந்தவரைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்கள். கடைசியாக 1438-இல் வேலை முடிந்தது. பத்து ஆண்டுகள்.

காத்திருந்ததற்குக் கிடைத்த பலன் பெரிது. மேடையைச் சுற்றி ஏழு சலவைக்கல் பலகைகள். ஒவ்வொன்றிலும் சிறகு முளைத்த குழந்தைகள் ஆடுகின்றன. அடக்கமான பக்தி ஆட்டமல்ல. கைகோத்து, ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு, துணி பறக்க, கால் தரையில் பாவாமல் ஆடும் ஆட்டம். பின்னணியில் பொன்நிறத் துணுக்குகள் பதித்திருக்கின்றன. வெயில் பட்டால் மின்னும். திருவிழா அன்று கீழே நெருக்கியடிக்கும் கூட்டத்தின் மகிழ்ச்சியைத்தான் சிற்பி மேலே செதுக்கியிருக்கிறார். மழையும் புகையும் அரித்ததால் மூலப் பலகைகளைப் பக்கத்திலுள்ள அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் சென்றுவிட்டார்கள். வெளியே இருப்பது நகல்.

அந்த மேடைக்குப் போகும் வழி ஒரு நுட்பமான ஏற்பாடு. பேராலயத்துக்குப் பழைய முகப்பு ஒன்று இருந்தது. 1385 முதல் 1457 வரை அதன் முன்னால் சற்று இடைவெளி விட்டு, வெள்ளைக் கல்லும் பிராத்தோவின் பச்சைக் கல்லும் கலந்து புதிய முகப்பைக் கட்டினார்கள். இரண்டு சுவருக்கும் நடுவே உள்ள சந்து வழியாகத்தான் கச்சையை ஏந்தி வருகிறவர் மேடைக்கு வருகிறார். ஒரு துணியைச் சிற்றாலயத்திலிருந்து தெருமுனை வரை கொண்டுவருவதற்கென்றே ஒரு பேராலயத்தின் உடம்பில் பாதை போட்டிருக்கிறார்கள்.

மேடை வந்தபின் சதுக்கத்தின் தன்மை மாறியது. கோயில் உள்ளே நடப்பது குருமார்களின் நிகழ்ச்சி, சதுக்கத்தில் நடப்பது ஊரின் நிகழ்ச்சி. கச்சை காட்டும் நாட்களில் வெளியூர்க் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் சந்தை கூடும். செப்டம்பர் 8-ஆம் தேதி, மரியாளின் பிறந்தநாளில், பெருஞ்சந்தை. வேளாங்கண்ணித் திருவிழா நிறைவடையும் அதே நாள்தான். வாணிபமும் வேண்டுதலும் ஒரே இடத்தில், ஒரே நாளில் நடந்தன. ஊரின் ஆண்டு இந்த நாட்களைச் சுற்றித்தான் ஓடியது. கிறிஸ்துமஸ், உயிர்ப்புப் பெருவிழா, மே 1, ஆகஸ்ட் 15, செப்டம்பர் 8 என்று ஆண்டுக்கு ஐந்து முறை இப்போதும் கச்சையைக் காட்டுகிறார்கள்.

பீடத்தில் கைவைத்த ஆயர்

பிராத்தோ 1653-இல் மறைமாவட்டமானது. ஆனால் தனி ஆயர் கிடைக்கவில்லை. பிஸ்தோயாவுக்கும் பிராத்தோவுக்கும் சேர்த்து ஒரே ஆயர் என்ற ஏற்பாடு. அப்படி வந்தவர்களில் ஒருவர் ஷிப்பியோனே தே ரிச்சி. படித்தவர், சீர்திருத்தவாதி. ஆட்சியாளர் பியெத்ரோ லெயோபொல்தோவின் ஆதரவு அவருக்கு இருந்தது. 1786-இல் பிஸ்தோயாவில் அவர் கூட்டிய மன்றம், ஒரு கோயிலுக்கு ஒரு பீடம் போதும், பீடத்தில் திருப்பண்டம் வைக்க வேண்டாம் என்றெல்லாம் தீர்மானித்தது. அவருடைய வாதங்களில் நியாயம் இல்லாமல் இல்லை. பக்தி வெறும் பொருள் வழிபாடாகச் சுருங்கிவிடக் கூடாது என்று அவர் கவலைப்பட்டார்.

ஆனால் 1787 மே மாதம், கச்சையின் பீடத்தை ஆயர் இடிக்கப் போகிறார் என்று பிராத்தோவில் செய்தி பரவியது. ஊர் திரண்டுவிட்டது. தடிகளோடு பேராலயத்துக்குள் புகுந்தார்கள், மணிகளை அடித்துச் சுற்றுக் கிராமத்தாரையும் அழைத்தார்கள், ஆயரின் இருக்கையையும் அவர் மரபுச் சின்னத்தையும் எடுத்துவந்து சதுக்கத்தில் எரித்தார்கள். இரவெல்லாம் சிற்றாலயத்தில் காவல் இருந்தார்கள். அடக்கப் படை வரவேண்டியதாயிற்று. ரிச்சி 1791-இல் பதவி விலகினார்.

1312-இல் பிஸ்தோயாவிலிருந்து திருடன் வந்தான், 475 ஆண்டுகள் கழித்து அங்கிருந்து ஆயர் வந்தார் என்றுதான் ஊர் அதைப் பார்த்திருக்கும். ரிச்சி ஒரு பீடத்தைப் பார்த்தார். அந்த மக்கள் பார்த்தது அவர்கள் பாட்டன் கட்டியதை, அவர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் காத்ததை, அவர்கள் மனைவியரும் தாய்மாரும் பிரசவத்துக்கு முன் வணங்கியதை. அன்று நடந்த வன்முறையை நான் சரியென்று சொல்லவில்லை. அவர்களின் பயத்தை மட்டும் எனக்குப் புரிந்துகொள்ள முடிகிறது. பிராத்தோவுக்கென்றே ஒரு தனி ஆயர் வந்தது 1954-இல்தான்.

செப்டம்பர் 8

இன்றைய பிராத்தோ இத்தாலியின் பெரிய துணித்தொழில் மையங்களில் ஒன்று. சீனாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஏராளம். 2013 டிசம்பர் 1 அன்று அங்கே ஒரு தையல் பட்டறையில் தீப்பிடித்து, உள்ளேயே தங்கி வேலை செய்துவந்த சீனத் தொழிலாளர்கள் 7 பேர் இறந்தார்கள். 2015 நவம்பர் 10 அன்று போப் பிரான்சிஸ் பிராத்தோ வந்தார். பேராலயத்தின் முன் கூடியிருந்தவர்களிடம் கச்சையைப் பற்றிப் பேசியவர், அந்த 5 ஆண்களையும் 2 பெண்களையும் நினைவுகூர்ந்து, மனிதருக்கேற்ற வேலைநிலை வேண்டும் என்று கேட்டார். கச்சைக்காக உருவான அதே சதுக்கத்தில், ஊரின் புதிய குடிகளுக்கான நியாயம் பேசப்பட்டது.

செப்டம்பர் 8 அன்று பழங்கால உடையில் ஊர்வலம் தெருக்களைச் சுற்றிவந்து சதுக்கத்தில் முடிகிறது. மேயர் தன் சாவியோடு உள்ளே போகிறார். ஆயரும் தன் இரண்டு சாவிகளோடு வருகிறார். தடுப்பு திறக்கிறது, பீடம் திறக்கிறது, பேழை திறக்கிறது. கண்ணாடிக்குள் இருக்கும் கச்சையை ஏந்தி ஆயர் இரண்டு சுவருக்கு நடுவே உள்ள சந்து வழியாக மேடைக்கு வந்து, ஆடும் குழந்தைகளுக்கு மேலே நின்று சதுக்கத்துக்குத் தூக்கிக் காட்டுகிறார். பிறகு அதே வழியே திரும்பி, கச்சை பேழைக்குள் போகிறது. பூட்டியதும் இரண்டு சாவிகள் ஆயரோடும் ஒரு சாவி மேயரோடும் போகின்றன. இனி மூன்றும் ஒன்றுசேர்வது கிறிஸ்துமஸ் அன்றுதான்.